கொசுறுக் குஞ்சு

அவள் கையைத் தாண்டி ஒரு பிசிறு நூல்கூட வெளியே போகாது என்று கம்பெனியில் பேர். பதினோரு வருஷம் செக்கர் வேலை. தைத்து முடித்த சட்டை மேஜைக்கு வரும். காலர், தோள், கை, பித்தான், அடிமடிப்பு என்று எப்போதும் அதே வரிசையில் அவள் விரல் ஓடும். எங்காவது ஒரு தையல் தாண்டியிருந்தால் விரல் தானாக நின்றுவிடும். கண் அதற்குப் பிறகுதான் பார்க்கும். அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். "செக்கரம்மா வர்றா, மூச்சப் பிடி" என்பார்கள் தையல்காரப் பெண்கள். கம்பெனியை மூடிய பிறகும் அந்தப் பேர் தெருவில் நின்றுவிட்டது. புருஷன்கூட சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார்.

கம்பெனி மூடியதில் அவளை முதலில் வதைத்தது சத்தமில்லாமைதான். நாற்பது மெஷின் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் இருந்து பழகிய காது. காலை ஏழு மணிக்குப் புருஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின், ஒரு அறையும் அடுக்களையும் பின்னால் சின்ன முற்றமும் உள்ள வீட்டில் தனியாக உட்கார்ந்தால் காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருக்கும். குழாய் சொட்டுவதை எண்ணுவாள். எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் குஞ்சுக்காரன் தெருவுக்குள் வந்தான். மொபெட்டின் இரண்டு பக்கமும் வலை கட்டிய கூடை. உள்ளே பிறந்து நாலைந்து நாளே ஆன குஞ்சுகள். அந்தக் கீச்சொலி நாற்பது மெஷினை விரல் நீளத்துக்குச் சுருக்கி வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. எழுந்து போய்விட்டாள்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கண், மூக்கு, இறக்கை, கால், பின்புறம். அதே வரிசை, ஒவ்வொன்றுக்கும். நாலைந்தைத் திருப்பிக் கூடையில் விட்டாள். குஞ்சுக்காரன் மொபெட்டில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தான்.

"யம்மா, நான் குஞ்சு விக்க வந்தேனா, போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்க வந்தேனா? நெஞ்சு அளவு ஒன்னுதான் பாக்கல நீங்க."

"இதுக்கு ஒரு கால் இழுக்குது பாருங்க."

"நடந்தா சரியாயிரும்மா."

"அது வேற வீட்ல நடக்கட்டும்."

பத்து எடுத்தாள்.

சாயந்தரம் புருஷன் வந்தார். கீச்சென்ற சத்தம் காதில் விழுந்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சத்தம் அது?"

"உள்ள வந்து பாருங்க."

"நான் வரல. என்னன்னு முதல்ல சொல்லு."

"கோழிக்குஞ்சு. பத்து."

அவர் செருப்பைக் கழற்றவில்லை. தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குப் பைத்தியமா? நான் எங்க வேலை பாக்குறேன்?"

"கோழிப் பண்ணையில."

"சேர்றப்போ என்ன எழுதிக் குடுத்தேன்?"

"ஏதோ கையெழுத்துப் போட்டேன்னீங்க. என்னன்னு சொல்லல."

"வீட்ல ஒரு பறவை வளக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கோழி, வாத்து, புறா, கிளி, எதுவும் கூடாது. சொந்தக்காரங்க வீட்ல கோழி இருந்து, அங்க போயிட்டு வந்தாக்கூட மூணு நாள் உள்ள விட மாட்டாங்க. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"ஏன், நம்ம குஞ்சு போயி உங்க கோழியக் கொத்திருமா?"

"கொத்துறதில்லடி, நோயி. கழிச்சல்னு ஒன்னு இருக்கு. ஒன்னுக்கு வந்தா ஒரு வாரத்துல ஷெட்டே காலி. கால்ல ஒட்டிட்டு வரும், சட்டையில ஒட்டிட்டு வரும். அதனாலதான கேட்டுல எங்களப் போட்டு அந்தப் பாடு படுத்துறாங்க. சைக்கிள் வெளிய, போன் வெளிய. போட்டிருக்கிற துணியக் கழட்டிட்டுத் தலையோட குளிக்கணும். அவங்க துணி, அவங்க பூட்ஸ். அந்த பூட்ஸையும் மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கணும். லாரி வந்தா சக்கரத்துக்கும் குளியல்."

"சோத்துக்கு?"

"என்னது?"

"கொண்டு போற சோத்துக்கும் குளியல் உண்டா?"

கோபத்தின் நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோத்த எப்படிக் குளிப்பாட்டுறது? வாட்ச்மேன் ஜன்னல் வழியா வாங்கி உள்ள வெப்பாரு. நாளைக்குக் காலையில அந்தக் குஞ்சுக்காரன் எங்க இருக்கான்னு தேடித் திருப்பிக் குடுத்துட்டு வா."

சரி என்றாள். அதற்குள் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஏறிய ஒன்று வெளியே உருண்டு விழுந்து, தத்தித் தத்தி வாசல்வரை வந்து, அவருடைய காலில் ஏறி நின்றது. அவர் அசையவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு முதுகுப் பக்கமாகப் பிடிக்காமல் வயிற்றின் கீழே கையை விட்டு, காலிரண்டும் விரலிடுக்கில் தங்கும்படி எடுத்தார். குஞ்சு அவர் உள்ளங்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"இப்படித்தான் தூக்கணும். மேலேர்ந்து கை வந்தா பருந்துன்னு பயந்துக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பத்தாயிரம் கோழி என் கைக்குள்ள இருக்கு. ஒத்தக் கோழிய இப்படி நின்னு பாத்ததில்ல" என்றார்.

அவ்வளவுதான், குஞ்சுகள் தங்கிவிட்டன. ஆனால் அன்றைக்கே அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். இந்தக் கதையில் எல்லாம் அந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது, அதனால் அவர் சொன்னபடியே சொல்லிவிட வேண்டும்.

"வேலைக்குப் போற காலையில நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். சாயந்தரம் தொட்டா சோப்புப் போட்டுக் குளிச்சிருவேன். தினம் வாசல்ல நின்னு உன்னக் கேப்பேன், எல்லாம் நல்லா இருக்கான்னு. நீ பாத்துட்டுச் சொல்லணும். ஒன்னு சோந்து நின்னாலும் சொல்லிரணும்."

"சொன்னா?"

"பத்தையும் முடிச்சுப் புதைச்சிருவேன். நான் காய்ச்சல்னு லீவு சொல்லிருவேன். மறைக்காத. உன் கண்ண நம்பித்தான் நான் அந்தக் கேட்டுக்குள்ள போறேன்."

அன்றிலிருந்து அவளுக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. அட்டைப்பெட்டியில் உமி பரப்பி அதன்மேல் செய்தித்தாள். இரண்டு நாள் கழித்துத் தாளை எடுத்துவிடலாம். மேலே குண்டு பல்பு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, பல்பை இறக்க வேண்டும். மூலைக்கு மூலை ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, ஏற்ற வேண்டும். பரவலாகப் படுத்திருந்தால் சரி. தண்ணீரை ஜாடி மூடியில் ஊற்றி, குஞ்சு விழுந்து முங்காதபடி கூழாங்கல் போட்டு வைத்தாள். நொய்யரிசியும் பொடியாக நறுக்கிய கீரையும் தீனி. எச்சம் காய்ந்து பின்புறம் அடைத்துக்கொண்டால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், இழுத்தால் தோல் வந்துவிடும். பத்தின் காலிலும் பத்து நிறத் தையல்நூலைத் தளர்வாகக் கட்டினாள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்றே அவற்றுக்குப் பேர். வாரம் ஒருமுறை நூலை அவிழ்த்து இன்னும் தளர்த்திக் கட்டுவாள். ஒரு நோட்டில் எது எவ்வளவு தின்றது, எது எதைக் கொத்தியது என்று எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படித்தால், சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி போய்ப் பார்ப்பாள்.

காலை ஏழு மணிக்கு வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி அவர் கேட்பார். "எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

அவர் போய்விடுவார். கைப்பிடியில் அவள் தைத்துக் கொடுத்த சாப்பாட்டுப் பை ஆடிக்கொண்டு போகும். கம்பெனியில் கடைசி நாள் மிஞ்சிய நீலத் துணி இரண்டு அடுக்கு, நடுவில் தடிமனாகப் பஞ்சு, உள்ளே கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு வெள்ளை உள்துணி. காலையில் வைத்த சோறும் பருப்பும் ஒரு மணிக்குத் திறந்தாலும் ஆவி பறக்கும். ஓய்வறையில் எறும்புத் தொல்லை என்று அவர் அந்தப் பையை இரண்டாம் ஷெட்டின் வாசல் ஆணியில் மாட்டிவைப்பார். மற்றவர்கள் ஆறின சோற்றைத் தின்னும்போது இவர் மட்டும் ஊதி ஊதித் தின்பாராம். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பயம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே இஸ்திரி போடும் அக்கா. தெருமுனையில் மேஜை, மழை வந்தால் வீட்டுத் தாழ்வாரத்தில். இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

"ஏன்டி செக்கரம்மா, உங்க வீட்ல என்ன எந்நேரமும் கீச்சுகீச்சுன்னு?"

"ஃபேன் க்கா. எண்ணெ போடணும்."

"ஃபேன் கீரை திங்குமா? தினம் ரெண்டு கட்டு வாங்குற."

அக்கா சிரித்தாள். "எனக்கென்ன, வளத்துக்கோ. ஆனா உங்க பண்ணை மேனேஜர் சட்டை என்கிட்டத்தான் வருது. வாரம் ரெண்டு தடவ வண்டிய நிறுத்திட்டு இங்கதான் நிப்பாரு. நான் சொல்ல மாட்டேன். உன் ஃபேனு சொல்லிரப் போகுது."

அதற்குப் பிறகு மேனேஜரின் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் பெட்டிமேல் கம்பளியைப் போட்டு மூடுவாள். இருட்டானதும் குஞ்சுகள் அடங்கிவிடும். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஐந்து வாரத்தில் அவை பெட்டிக்கு அடங்கவில்லை. முற்றத்தில் குளியலறைச் சுவரோரமாகப் பழைய கதவை அண்டக் கொடுத்து வலை கட்டினார் அவர். இறகு முளைத்து, கழுத்து நீண்டு, பார்க்க அழகில்லாத பருவம். சிவப்புநூலின் கொண்டை லேசாக நிறம் ஏறியிருந்தது.

"இது சேவல்" என்றார் ஒரு சாயந்தரம். "இன்னும் ஒன்னரை மாசத்துல கூவும். அப்ப என்ன பண்ணுவ, வாயில துணி வெச்சு அடைப்பியா?"

"கூவுறப்போ பாத்துக்கலாம்."

"எல்லாத்தையும் அப்பப்பதான் பாக்குற நீ."

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் குஞ்சுக்காரன் மறுபடி வந்தான். கூடை இரண்டும் காலி. ஒன்றில் மட்டும் மூலையில் ஏதோ இருந்தது.

"யம்மா, போலீசம்மா, அந்தப் பத்தும் இருக்கா?"

"பத்தும் இருக்கு."

"பத்தும் பிழைச்சுதா! நான் வித்த வீட்ல பாதி கூட நிக்காது." அவன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். கூடைக்குள் கையை விட்டு எடுத்தான். "இந்தாங்க, உங்களுக்குக் கொசுறு. எல்லாம் வித்துப் போச்சு, இது ஒன்னுதான் மிஞ்சிச்சு. இதையும் ஆளாக்கி விடுங்க."

வெள்ளைக் குஞ்சு. மூன்று வாரம் இருக்கும். அவள் விரல் வழக்கப்படி ஓடியது. கண். கண்ணருகே விரல் நின்றது. இமை மூடி, திறக்க நேரம் எடுத்தது.

"கண்ணு சொக்குதே?"

"காலையிலேர்ந்து மழையில சுத்துறேன்ம்மா. எனக்கே சொக்குது."

அவள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் விரல் நின்ற ஒரு சட்டையையும் அவள் விட்டதில்லை. ஆனால் எல்லாம் போனபின் கூடையின் மூலையில் மிஞ்சிய ஒன்று அது. கம்பெனியில் கடைசிக் கட்டுச் சட்டைகளைப் பார்த்து முடிக்க அவள் ஒருத்தியை மட்டும் ஒரு வாரம் கூடுதலாக வைத்திருந்தார்கள். காலி மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். குஞ்சின் காலில் வெள்ளை நூலைக் கட்டினாள்.

புருஷனிடம் சொன்னாள். அவர் உடனே கேட்டார்: "கண்ணு தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு."

"புதுசு வந்தா பத்து நாள் தனியா வெக்கணும். பண்ணையில அப்படித்தான்."

தனியாகத்தான் வைத்தாள், ஒரு கூடையில், அறைக்குள். அது கத்தியது. கூட்டத்தைத் தேடிக் கத்துகிற குஞ்சின் சத்தம் மற்ற சத்தம் மாதிரி இல்லை. ஊசி மாதிரி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்து வெளியே மேனேஜரின் வண்டி நின்றது. தாழ்வாரத்தில் இஸ்திரி அக்கா வேண்டுமென்றே உரக்கப் பேசுவது கேட்டது. அவள் வெள்ளைநூலைத் தூக்கிக்கொண்டு ஓடி மற்ற பத்தோடு விட்டாள். சத்தம் நின்றது. சாயந்தரம் அதைப் பார்த்து முறைத்தவரிடம், தனியாக விட்டால் மேனேஜர் காதுக்கு எட்டும்படி கத்துகிறது என்று சொல்லிச் சமாளித்தாள்.

அன்று ராத்திரி அவர் தூங்கியபின் கரண்ட் போனது. மழைக் குளிர். பத்தும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன. வெள்ளைநூலை மட்டும் நடுவில் விடவில்லை. ஓரமாக நின்று நடுங்கிக்கொண்டு மறுபடி கத்தத் தொடங்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி உள்ளே வைத்து, குஞ்சையும் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து விட்டாள். பஞ்சு குளிரையும் விடவில்லை, சத்தத்தையும் விடவில்லை. அவ்வளவு நல்ல பை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குஞ்சை எடுத்து முற்றத்தில் விட்டுவிட்டு, பையை உதறி, ஈரத்துணியால் துடைத்து, சோற்று டப்பாவை வைத்தாள்.

இப்படி நான்கு நாள், அவர் தூங்கியபின் பைக்குள், அவர் எழுமுன் வெளியே.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

இரண்டாம் நாள் வெள்ளைநூல் தின்னவில்லை. மூன்றாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. நோட்டில் அதை எழுதினாள். எழுதியபின் அந்தத் தாளை மடித்து உள்ளே செருகிவிட்டாள். சொன்னால் பத்தும் போய்விடும். ஒருநாள் பார்க்கலாம், குளிரால்கூட இருக்கலாம், நம் கண்ணே தப்பாகக்கூட இருக்கலாம். சட்டையில் இல்லாத பிழையைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறவள் என்று கம்பெனியில் திட்டு வாங்கியவள்தானே. ஐந்தாம் நாள் அவர் போனபின் பார்த்தால், வெள்ளைநூல் வலையோரம் கிடந்தது. தொட்டால் விறைத்திருந்தது. முற்றத்து மூலையில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தாள்.

சாயந்தரம் அவர் எண்ணிப் பார்த்தார். "கொசுறு எங்க?"

"பூனை தூக்கிட்டுப் போயிருச்சு."

"வலைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான் கதவு சாத்தல."

அவர் அவளையே பார்த்தார். எழுந்து போய் வலையை இன்னொருமுறை இழுத்துக் கட்டினார். பூனை நுழைகிற ஓட்டை எதையும் அவர் கண்டுபிடித்திருக்க முடியாது.

மறுநாள் சாயந்தரம் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "ரெண்டாம் ஷெட்டுல தண்ணி மீட்டர் கொஞ்சம் கம்மியா ஓடுது."

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "கம்மின்னா?"

"நேத்து ஓடுனதுல கால்வாசி கொறஞ்சிருக்கு. கோழிக்கு உடம்பு சரியில்லன்னா முதல்ல தண்ணிதான் கொறையும். தீனி அப்புறம். மழைக் குளிராக்கூட இருக்கும்."

"ஊசி போட்டிருக்கும்ல?"

"ஒன்னு, மூணு ஷெட்டுல பெரிய கோழி, எல்லாம் போட்டாச்சு. ரெண்டுல இருக்கிறது போன மாசம் வந்த குஞ்சு. ரெண்டாவது மருந்து அடுத்த வாரந்தான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அந்தச் சத்தம் இருக்குல்ல, தகரத்துல மழை பெய்யிற மாதிரி ஒரு இரைச்சல். உள்ள போனா நாம பேசுறது நமக்கே கேக்காது. இன்னைக்கு நான் மேஸ்திரியோட சாதாரணமாப் பேசிட்டு இருந்தேன். பேசி முடிச்சப்பறந்தான் தோணுச்சு, எப்படிக் கேட்டுச்சுன்னு."

அவள் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினாள். போதும் என்று அவர் கையை நீட்டி மறித்தார்.

"நம்மது எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

காலையில் கேட்கிற கேள்வியை அவர் சாயந்தரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் காலையிலும் அதையே சொன்னாள். மழை மூட்டத்தில் அப்போதும் பாதி இருட்டு. வலைக்குள் அவள் சரியாகப் பார்க்கவில்லை. சரியாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை. சைக்கிள் தெருமுனை திரும்பியபின் போய் வலைமேல் போட்டிருந்த கம்பளியை விலக்கினாள். சிவப்புநூல் நின்றபடி கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக்கிவிட்டால் மறுபடி மெதுவாகத் திருகிக்கொண்டது. நீலநூலும் பச்சைநூலும் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மஞ்சள்நூல் செத்திருந்தது. மற்றவை சத்தமில்லாமல் நின்றன. பத்துக் குஞ்சு உள்ள முற்றத்தில் குழாய் சொட்டுவது கேட்டது.

பதினோரு மணிவரை அவள் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவர் தொடவில்லை, குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார், அங்கே குறைவது மழைக் குளிரால்தான். இதையே வரிசையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சட்டை கழற்றியாகிவிட்டது. செருப்பு வெளியே. தலையோடு குளியல். பூட்ஸ் மருந்துத் தண்ணீரில். எந்தத் தையலும் தாண்டவில்லை.

அடுக்களையில் துவைக்கப் போட்ட துணிக்குவியலில் பையின் உள்துணி கிடந்தது. நேற்றுவரை பையில் இருந்தது. இன்று காலையில் கழற்றிவிட்டு வேறு போட்டிருந்தாள். கையில் எடுத்தாள். எதையும் தேடி எடுக்கவில்லை. விரல்தான் விளிம்பைப் பிடித்து ஓடியது. மடிப்பின் மூலையில் நின்றது.

தையலுக்குள் சிக்கிய ஒரு வெள்ளைத் தூவி. அதைச் சுற்றிக் காய்ந்து பொருக்காகிப்போன பச்சைக் கறை, நகக்கண் அளவு.

சோற்றை எப்படிக் குளிப்பாட்டுவது என்று அவர் சிரித்தது காதில் கேட்டது. வாட்ச்மேன் ஜன்னல். இரண்டாம் ஷெட் வாசல் ஆணி. ஊதி ஊதித் தின்கிற கை, தின்றுவிட்டுக் குஞ்சுகளுக்கு நடுவே நடக்கிற கை. இப்போதும் அந்தப் பை அங்கேதான் தொங்குகிறது.

போன் செய்ய முடியாது. அவர் போன் கேட்டில் இருக்கும். அவள் முதலில் குளித்தாள். தலையோடு, சோப்புப் போட்டு, நகத்தைத் தேய்த்து, இரண்டு தடவை. அலமாரியின் அடியில் இருந்த, முற்றத்துப் பக்கமே போகாத சேலையை எடுத்துக் கட்டினாள். செருப்புப் போடவில்லை. வலைக்குள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தாழ்வாரத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "என்னடி, மழையில செருப்பில்லாம எங்க ஓடுற?"

"பண்ணைக்கு."

"அங்க எதுக்கு?"

"சொல்றதுக்கு."

அக்கா எதையோ கேட்க வாயெடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. இஸ்திரித் துணி தீயும் வாசம் வந்த பிறகுதான் குனிந்தாள்.

நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறலாமா என்று நினைத்தாள். பஸ்ஸில் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் என்னென்ன வளர்க்கிறார்களோ என்று தோன்றியது, நடந்தாள். வழியெல்லாம் அவள் சொல்ல வேண்டியதைத் தனக்குள் அடுக்கினாள். எந்த வரிசையில் அடுக்கினாலும் முடிவில் அவர் வேலை போயிற்று. சொல்லாமல் திரும்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. மழையில் வந்தது என்பார்கள், காற்றில் வந்தது என்பார்கள். பாலத்தருகே நின்றேவிட்டாள். பிறகு மறுபடி நடந்தாள்.

பண்ணைக் கேட்டுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கம்பிவேலிக்கு அப்பால் மூன்று ஷெட்டும் தெரிந்தன. முதல் ஷெட்டிலிருந்து அவர் சொன்ன இரைச்சல் வந்தது, தகரத்தில் மழை விழுகிறமாதிரி. மூன்றாவதிலிருந்தும் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கேட்டுக்குள் ஒரு கார் நின்றிருந்தது.

வாட்ச்மேன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவளைத் தெரியும்.

"என்னம்மா தங்கச்சி, அங்கயே நிக்குற? சாப்பாடு எதையாச்சும் மறந்துட்டாரா? இங்க குடு, உள்ள வெக்கிறேன்."

"நான் கிட்ட வரக்கூடாதுண்ணே."

"என்னது? கேக்கல. இன்னைக்கு ஒரே அமளிம்மா இங்க, ரெண்டாம் ஷெட்டுக்கு டாக்டர் வந்திருக்காரு. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

இத்தனை வாரமாகச் சுவருக்குப் பயந்து, வண்டிச் சத்தத்துக்குப் பயந்து, மூச்சுக்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டை. அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

"எங்க வீட்ல கோழி இருக்குண்ணே! செத்துட்டு இருக்கு! அந்தப் பைய யாரும் தொட வேணாம்! ரெண்டாம் ஷெட்டுல மாட்டியிருக்கிற நீலப் பை!"

வாட்ச்மேனின் முகம் ஜன்னலில் அப்படியே நின்றது. பிறகு காணாமல் போயிற்று. உள்ளே யாரோ ஓடும் சத்தம்.

மணி ஒன்று இருக்கும். இரண்டாம் ஷெட்டின் வாசலில் பச்சைத் துணியும் ரப்பர் பூட்ஸுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். ஆணியிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்க வேண்டும், பை கையில் இருந்தது. குரல் வந்த பக்கம் திரும்பி, வேலிக்கும் சாலைக்கும் அப்பால் வெறுங்காலோடு நனைந்து நிற்கிறவளைக் கண்டுபிடித்தார். அவள் சொன்னது அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. தினமும் வாசலில் கேட்கிறதையே, இந்தத் தூரத்துக்கு எட்டுகிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கா?"

"இல்ல" என்றாள்.

அவர் பையைப் பார்த்தார். அதன் அடியில் கையை விட்டு, உள்ளே உயிருள்ள எதையோ பிடித்திருப்பதுபோல் மெதுவாகக் குனிந்து, ஷெட்டுக்கு வெளியே, மழையில் நனைகிற தரையில் இறக்கி வைத்தார்.